அத்தைக்காக நான் இருமிய நாள்

சின்ன வயதில் எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பேர் என்ன என்று கேட்டால்கூட வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் இருமச் சொன்னால் இருமுவேன். யாருடைய இருமலைக் கேட்டாலும் அப்படியே இருமிக் காட்டுவேன்.

திருத்தணியில் மலைக்குக் கீழே நெசவுக்காரர்கள் தெருவில் எங்கள் வீடு. கூடத்தில் இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது; உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். அந்த இரைச்சலிலேயே வளர்ந்ததால், தறி நின்றதும் கேட்கிற சின்னச் சத்தங்கள் எனக்குப் புதுசாக இருக்கும். எங்கள் வீட்டில் தறி நின்றால் முதலில் கேட்பது இருமல்தான்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுடையது பஞ்சு இருமல். சளியே இல்லாமல், காய்ந்த தேங்காய் மட்டையைத் தட்டுவது போல வரும். அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டார்கள். அன்றைக்கு நைனா அவ்வளவாக இருமமாட்டார். மறுநாள் தறியைப் போட்டதும் விட்டதற்கும் சேர்த்து வைத்தாற்போல மார்பை இறுக்கிக்கொண்டு இருமுவார். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பீடி பிடிப்பார். அவர் இருமல் காலையில் கிணற்றடியில் தொடங்கும். அடியில் ஏதோ கொழகொழவென்று புரள, காறித் துப்பி முடிக்கும்வரை நிற்காது. எதிர்வீட்டுக்காரருக்கு இழுப்பு, இருமல் குறைவு, நடுநடுவே விசில்தான் அதிகம். என் தம்பிக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது கக்குவான் வந்தது. மூச்சு விடாமல் இருமி, முகம் கறுத்து, கடைசியில் சேவல் கூவுகிற மாதிரி மூச்சை இழுப்பான். ஒருநாள் அம்மா செருப்புகூடப் போடாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. அந்த இருமலை மட்டும் நான் போட்டால் அம்மா அடிப்பாள்.

மற்றதெல்லாம் வேடிக்கைதான். உறவுக்காரர்கள் வந்தால் மாமா என்னைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்துவார். நைனாவை அவர் பாவா என்பார்.

"பாவாவுத போடு பாப்பா. தோ, அமாவாசைக்கு மறுநாளு."

போடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நைனாவும் சிரித்து, சிரித்ததில் இருமல் வந்து இருமுவார். இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. தறிக்கு வேண்டிய நூலை ராட்டையில் தார்க்குச்சிக்குச் சுற்றுவது அவள் வேலை. எதிர்ச்சாரியில் ராட்டை முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணோடு, இத்தனை இரைச்சலுக்கு நடுவில், உதட்டை மட்டும் அசைத்து ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். நடுவில் இருவரும் சத்தமில்லாமல் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குத் தலை பின்னிவிடுவது, ஜுரம் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாம் அவள்தான்.

அவள் இருமல் எப்போது தொடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. நெசவுக்காரர் வீட்டில் இருமலைக் கவனிப்பது, மீன்காரர் வீட்டில் வாசனையைக் கவனிப்பது போலத்தான். நான் மட்டும் என் கச்சேரிக்குப் புதுசாக ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் கவனித்தேன். முதலில் அனுமதி கேட்பது போலச் சின்னதாக இரண்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு உள்ளே எங்கேயோ ஆழத்திலிருந்து ஒரு நீளமான இருமல், முடியும்போது உள்ளங்கையை மார்பில் அழுத்திக்கொள்வாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதிகமாகும். அமாவாசையன்று நைனாவின் இருமல் ஓய்ந்து கிடக்க, அத்தையின் இருமல் மட்டும் ஓயாது. எனக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் ஒரு பாட்டின் மெட்டு தெரிவதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் தடவை அவள் இருமலைப் போட்டுக் காட்டியபோது அத்தை நன்றாகச் சிரித்தாள். சில வாரம் கழித்து ஒருநாள், தலை பின்னிக்கொண்டே, "என்னுத மட்டும் போடாத பாப்பா, இன்னா?" என்றாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. நகரி பக்கத்திலிருந்து அத்தைக்கு ஒரு வரன் பேசி முடிகிற நிலைமையில் இருந்தது. யாரோ போய், "பொண்ணு இருமுது" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வேறு பேச்சே பேசவில்லை, வருவதையே நிறுத்திவிட்டார்கள். நெசவுக்காரர் ஊர்களில் நூல் வண்டியும் பாவு வண்டியும் போகிற இடத்துக்கெல்லாம் பேச்சும் போகும். இன்னொரு வரனும் இப்படிப் போனால் அப்புறம் அவளுக்குக் கல்யாணமே நடக்காது என்று நைனா அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன்.

"பஞ்சு இருமல்தானே? நமக்கு இல்லாததா?" என்றார் நைனா.

"பஞ்சு இருமல்னா ஒடம்பு ஏன் எளைக்குது?" என்றாள் அம்மா. "ஜாக்கெட்ட ரெண்டு வாட்டி பிடிச்சித் தெச்சிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா, போன ஒடனே தெருவுக்கே தெரிஞ்சிபூடும். கண்ணாலம் ஆவட்டும். அப்புறம் காட்டிக்கலாம்."

அதனால் தூதுவளை ரசமும் ஆடாதோடைக் கஷாயமும் மருந்துக்கடைச் சிவப்பு மருந்துமாகப் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு மருந்து தித்திக்கும். அத்தை மூடியில் மிச்சம் வைத்து எனக்குக் கொடுப்பாள்.

அப்போதுதான் அம்மையார்குப்பத்திலிருந்து இந்த வரன் வந்தது. அவர்களும் நெசவுக்காரர்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா, பெரியப்பா இரண்டு பேரும் வந்து பெண்ணைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல குடும்பம் என்று எல்லோரும் சொன்னார்கள். நைனாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவர்கள் சாயங்காலம் வருகிறார்கள். அத்தைக்கு இருமல் வருகிற நேரம்.

மாமாதான் வழி கண்டுபிடித்தார். பெண் பார்க்க வந்தால் தறியை நிறுத்திவிடுவதுதான் எங்கள் தெருவில் மரியாதை. வந்தவர்கள் நாலு வார்த்தை பேச வேண்டாமா?

"நிறுத்தவே வாணாம் பாவா," என்றார் மாமா. "ரெண்டு தறியும் ஓடிகினே இருக்கட்டும். முகூர்த்த ஆர்டருன்னு சொல்லிக்கலாம். பொண்ணு இருமுனா அவங்க காதுல எங்க விழும்?"

"கண்ணுல விழுமேடா," என்றாள் அம்மா.

மாமா கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டது அன்றைக்குத்தான். அத்தையின் பக்கத்தில் நான் ஒட்டி உட்கார வேண்டும். அத்தை இருமினால் உடனே நானும் இரும வேண்டும், அதே மாதிரி. குழந்தை இருமுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். குழந்தை இருமினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"அத்தையுத போட்டா அத்தைக்குப் புடிக்காது," என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். "இன்னிக்கி மட்டும் போடு," என்றாள்.

வந்தார்கள். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. என்னைவிடக் கூச்சக்காரர் ஒருவரை அன்றுதான் பார்த்தேன். பெரியப்பா பெரிய மீசைக்காரர், பேச்சுக்காரர். மாப்பிள்ளையின் அம்மா ஒல்லியாக, உயரமாக, நெற்றியில் திருநீறு மட்டும் இட்டுக்கொண்டு, சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்தார். தறி இரண்டும் இடிபோல ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னாங்க, நல்ல நாள்ல கூடவா தறி ஓட்டுவீங்க?" என்று பெரியப்பா கத்தினார்.

"முகூர்த்த ஆர்டருங்க!" என்று மாமா கத்தினார்.

"இன்னா ஆர்டரு?"

"முகூர்த்தம்! முகூர்த்தம்!"

"அதுக்குள்ளயா? இன்னும் பொண்ணயே பாக்கலயே!"

நைனா இரண்டு கைகளையும் ஆட்டி விளக்கினார். அத்தை பலகாரத் தட்டோடு வந்து நமஸ்காரம் செய்து உட்கார்ந்தாள். நான் ஒட்டிக்கொண்டேன். அவள் தோள் புடவையைத் தாண்டிச் சுட்டது. என் கையில் யாரோ கேசரிக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். நெய் விட்டுச் செய்த கேசரி. என் பொறுப்பைக் கொஞ்ச நேரம் மறந்தேன்.

பேச்சு சந்தையில் மாடு விலை பேசுவதுபோலக் கத்தலாக நடந்துகொண்டிருந்தது. பெரியப்பா தன் தம்பி மகனின் குணங்களை ஒவ்வொன்றாகத் தொண்டை நரம்பு புடைக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். "பீடி கெடையாது! சினிமா கெடையாது! ஒரு கெட்ட பயக்கமும்" என்று உச்சத்துக்குப் போனபோது கரண்டு போய்விட்டது.

எங்கள் இரண்டு தறியும் நின்றன. தெருவில் அத்தனை தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. "கெடையாது!" என்ற பெரியப்பாவின் குரல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில், சின்னதாக இரண்டு.

மாமா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். என் வாய் நிறையக் கேசரி. அவசரமாக விழுங்குவதற்குள் அத்தைக்கு அந்த நீள இருமல் வந்துவிட்டது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நான் இருமினேன். சின்னதாக இரண்டு, இடைவெளி, பிறகு ஆழத்திலிருந்து நீளமாக ஒன்று, உள்ளங்கை மார்பில். அதற்குமுன் எப்போதும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை. என் இருமல் அடங்க, அத்தை மறுபடி தொடங்க, நான் மறுபடி சேர்ந்துகொள்ள, இரண்டு பேரும் மாற்றி மாற்றி இருமினோம்.

"கொயந்தைக்குக் கொஞ்சம் சளி," என்றார் மாமா, யாரும் கேட்பதற்கு முன்பே.

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, "இங்க வா கண்ணு," என்றார்.

போனேன். மடியில் உட்காரவைத்துக்கொண்டு என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என் அம்மாவிடம் கேட்டார்.

"எத்தினி நாளாம்மா இந்த இருமலு?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா, "நேத்துலேருந்துங்க," என்றார். அந்த அம்மா மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்கு முன்னாலேருந்து," என்றாள் அம்மா.

நான் இருமத் தொடங்கியதே அன்றைக்குத்தான். அப்போது பங்குனி மாதம்.

"சாயந்தரமானா ஒடம்பு சுடுதா?"

"ஆங். சுடுது."

"ராத்திரில வேர்க்குதா?"

"தலையாணி நனைஞ்சிபோவுது."

"சோறு?"

"வெச்சது வெச்சபடி இருக்குது. ரெண்டு வாய் துன்னா போதும்னு எயுந்துக்குது." சொல்லும்போது அம்மாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

என் கையில் கேசரிக் கிண்ணம் காலியாக இருந்தது. என்னைப் பற்றி இப்படி ஒரு பொய்யைச் சொல்லி, அதற்கு அழவும் செய்கிற அம்மாவைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமா எனக்கு மட்டும்தான் வேடம் கொடுத்தார் என்று நினைத்திருந்தேன்; அம்மாவுக்கும் தனியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் போல. என்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

"துப்புனா ரத்தம் கித்தம் வருதா?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்போ நேரம் இருக்குது," என்றார் அந்த அம்மா. என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார். "இது பஞ்சு இருமலும் இல்ல, சளி இருமலும் இல்ல. நான் இங்க என் தங்கச்சி வீட்லதான் தங்கறேன். நாளைக்கிக் காலையில ஆஸ்பத்திரிக்கி வரேன். கொயந்தய இட்டுனு வாங்க. காட்டிட்டு அப்புறமா மத்தத பேசலாம்."

"பசங்க இருமலுங்க," என்று மாமா பதறினார். "கஷாயம் குடுத்தா போயிடும். இதுக்குப் போயி நீங்க..."

"கொயந்த பயப்படும். கூட ஆள் வேணும்," என்றார் அவர். அத்தையின் பக்கம் கையைக் காட்டினார். "அவளே வரட்டும். அவகிட்டத்தான் ஒட்டிகினு இருக்குது."

அவர்கள் போனதும் மாமா என்மேல் பாய்ந்தார். "லேசா இருமுடின்னா நாடகமே போட்டுட்டா! அந்தம்மா பயந்தே போச்சு!" நைனா தறியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். போகாமல் இருந்தால் சம்பந்தம் போய்விடும். போனால் டாக்டர் குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்வார். அப்போதும் பொய் தெரிந்துவிடும். கடைசியில் அம்மாதான், யாரிடமும் கேட்காமல், மறுநாள் காலை எனக்குத் தலை வாரிவிட்டாள். அத்தைக்கும் வாரிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். டாக்டர் தலை நரைத்தவர். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து முதுகிலும் மார்பிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ஜில்லென்றிருந்தது.

"எங்க, இருமு பாக்கலாம்."

இருமினேன். முந்தைய நாளைவிட ஒரு மாற்று குறைவில்லாமல்.

டாக்டர் காதிலிருந்து குழாயை எடுத்தார். இன்னொரு தடவை இருமச் சொன்னார். என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தார். "மார்ல ஒண்ணுமே இல்ல. கன்னு குட்டி மாரி இருக்குது. ஆனா இருமல் மட்டும் வேற யாருதோ மாரி இருக்குது. எங்கம்மா கத்துகினே இத?"

எனக்கு வழக்கம்போல வாய் ஒட்டிக்கொண்டது. நைனா வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். மாமா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அப்போது எனக்குப் பின்னால் சின்னதாக இரண்டு.

டாக்டர் என் தலைக்கு மேலே அத்தையைப் பார்த்தார். நீள இருமலும் வந்து முடியும்வரை பொறுத்திருந்தார். "நீ வந்து உக்காரும்மா," என்றார்.

என்னை இறக்கிவிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அத்தையை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். முந்தைய நாள் அந்த அம்மா கேட்ட கேள்விகளையே டாக்டரும் கேட்டார், அம்மாவும் அதே பதில்களைச் சொன்னாள். எனக்காக ஒத்திகை பார்த்ததை அத்தைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"பஞ்சு இருமல்னு நெனச்சிகினு இருந்துட்டோம் சார்," என்றார் நைனா.

"பஞ்சு இருமல் இல்லன்னு யார் சொன்னா? உனக்கு இருக்குது, அதையும் பாக்கணும். ஆனா அது தறி நின்னா கொஞ்சம் அடங்கும். சளி புடிச்சா ஒரு வாரம், பத்து நாளு, போயிடும். ரெண்டு மூணு வாரமாயும் நிக்காத இருமல வீட்ல வெச்சிகினு இருக்கலாமா? அதும் ஜொரம், வேர்வை, எளைப்பு எல்லாம் சேந்து வருது." சொல்லிக்கொண்டே மாமாவின் பக்கம் திரும்பினார். "வராண்டாவுல இருமினு இருந்தது நீதானே? பீடியா? உனக்கும் சளியை டெஸ்ட் பண்ணணும். உள்ள வா."

மாமா பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வரும் பெண்போல வெட்கத்தோடு உள்ளே போனார்.

அத்தைக்குச் சளியைச் சோதித்து, அரக்கோணத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து, அடுத்த வாரம் டாக்டர் சொன்னது காசநோய். டி.பி. என்ற அந்த இரண்டு எழுத்தைக் கேட்டதும் நைனா வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா அன்றைக்கும் வந்திருந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு. நைனா தலையைத் தூக்காமல், "ஏமாத்தணும்னு இல்லம்மா. வேற எடத்துல பாத்துக்குங்க," என்றார்.

"பாத்துக்கறேன், பாத்துக்கறேன்," என்றார் அந்த அம்மா. "மொதல்ல இவ மருந்து சாப்பிடட்டும். கேட்டீங்களா டாக்டர் சொன்னத? முழுசா சாப்பிட்டா போயிடுமாம். எங்க வூட்லயும் ஒருத்திய இப்படித்தான் கண்ணாலம் ஆவட்டும்னு மறைச்சி வெச்சாங்க. என் கூடப் பொறந்த அக்கா. கண்ணாலமும் ஆச்சு. போன எடத்துல சொல்லவும் முடியாம, மருந்துக்குப் போவவும் முடியாம, ஒரு வருசம் தாங்கல." மகனைப் பார்த்தார். "நீ இன்னாடா சொல்ற?"

மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நான் காத்துகினு இருக்கேன்," என்றார். நாங்கள் அவர் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பின் எங்கள் வீடு மாறிப்போயிற்று. அத்தை ராட்டையை விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள், மாத்திரை சாப்பிட்டாள். மூடியே கிடந்த பின்கட்டு ஜன்னலை நைனா இடித்துப் பெரிதாக்கினார். எங்கள் எல்லோரையும் டாக்டர் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று மறுபடியும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அத்தைக்கு முட்டையும் பாலும் தனியாக வந்தன. அத்தனையும் என் இருமலால் வந்தது, எனக்கு ஒரு முட்டைகூட இல்லை. மாமாவுக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தப் பயத்தில் பீடியைக் கொஞ்ச நாள் விட்டார், பிறகு பிடித்தார், பிறகு ஒருவழியாக விட்டார்.

தெருவுக்குத் தெரியத்தான் தெரிந்தது. நாலு நாள் பேசினார்கள். பிறகு எதிர்ச்சாரியில் ராட்டை சுற்றும் பெண் தன் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு தெருவில் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று.

இரண்டு மூன்று மாதத்தில் அத்தையின் இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. நைனா, "அதான் நின்னுபோச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றார். மாத்திரை சாப்பிட்டால் அத்தைக்குக் குமட்டும். அவளுக்கும் விடத்தான் ஆசை. அந்த அம்மா கிருத்திகைக்கு மலைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அன்றும் வந்தார். நைனா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "தறியில பாதிச் சேலையில அறுத்துக் குடுத்தா வாங்கிக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அத்தை குமட்டக் குமட்ட அடுத்த வருஷமும் மாத்திரை சாப்பிட்டாள். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை சாப்பிட்டாள்.

டாக்டர் போதும் என்று சொன்ன அடுத்த கிருத்திகைக்கு அந்த அம்மா வந்தபோது, "வா, மலைக்குப் போயிட்டு வரலாம்," என்று அத்தையைக் கூப்பிட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். படிகளில் காவடிகள் ஏறிக்கொண்டிருந்தன. "நீ முன்னாடி போ," என்று அத்தையிடம் சொல்லிவிட்டு அவர் பின்னால் வந்தார். நான் இருவருக்கும் நடுவில்.

அத்தை முதலில் மெதுவாக ஏறினாள். பிறகு வேகம் பிடித்தாள். நடு மண்டபத்தில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாவும் நாலைந்து படி கீழே நின்றிருந்தார். அத்தை மறுபடி ஏற, அவரும் ஏறினார். அத்தை நிற்கும்போதெல்லாம் அவரும் நின்றார். பாவம், வயதாகிறது, கால் வலிக்கிறது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். கூச்சம் எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வெளியாள் ஒருவரிடம் நானாகப் பேசினேன்.

"கால் நோவுதா? உக்காந்துட்டுப் போலாமா?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். "ச்சு," என்றார். "சத்தம் போடாத."

தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மேலே அத்தை தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காவடிகள் முன்னால் போய்விட, அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது; நடுவில் ஓர் இருமல்கூட இல்லை. அத்தை நிமிர்ந்து அடுத்த படியில் கால் வைத்ததும் அந்த அம்மா கண்ணைத் திறந்தார். கன்னத்தில் ஈரம். சாமி கும்பிட்டிருக்கிறார், நடுவில் போய்ப் பேசிவிட்டோம் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கீழே வந்ததும் அவர் நைனாவிடம், வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கல்யாணம் அம்மையார்குப்பத்தில் நடந்தது. மாமா பந்தலில் என்னை நடுவில் நிறுத்தி, பெரியப்பா எப்படிக் கத்தினார் என்று போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். பெரியப்பாவே அதிகமாகச் சிரித்தார். அத்தைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த அம்மாவை நான் என் இருமலால் ஏமாற்றிவிட்டேன் என்றும், அதனால்தான் அத்தை பிழைத்தாள் என்றும் ரொம்ப வருஷம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் இருமலை எனக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. ஆனால் அன்று படியில் கண்ணை மூடிக்கொண்டு அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது மட்டும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தும், எனக்கு அப்போது தெரியவில்லை.